மூன்றாவது நாற்காலிக்கு ஒரு கத்தி

அந்தச் சலூனில் ஒரு வழக்கம் உண்டு. நாற்காலி கடையுடையது, கண்ணாடி கடையுடையது, துண்டு, பவுடர், தண்ணீர் தெளிக்கும் பாட்டில், ஏன், சட்டைப்பையில் செருகிக்கொள்ளும் சீப்புகூடக் கடையுடையதுதான். சவரக்கத்தி மட்டும் அவரவருடையது. பக்கத்து ஆளிடம் கத்தியை இரவல் கேட்பதும் பல் துலக்கும் பிரஷை இரவல் கேட்பதும் அங்கே ஒன்றுதான். சொந்தமாகக் கத்தி இல்லாதவர் எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரராக இருந்தாலும் முடி வெட்டலாம், தலை கழுவலாம், சாயம் பூசலாம். அதற்குமேல் ஒருவர் கன்னத்தில் கை வைக்க முடியாது.

பம்பரத்திடம் கத்தி கிடையாது. அவள் மாடியில், பெண்கள் பக்கத்தில் வேலை பார்ப்பவள்.

பம்பரம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, கடையில் எல்லோரும் சேர்ந்து வைத்தது. நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் வயசு. ஒல்லியான உடம்பு. உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சாப்பிடும்போதுகூட ஒரு காலை அடுத்த வேலைக்கு எடுத்து வைத்தபடிதான் சாப்பிடுவாள். முதலில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் நூல் பிசிறு வெட்டினாள். பிறகு சோப்புக் கம்பெனியில் பெட்டி மடித்தாள். அதற்குப் பிறகு ஒரு செல்போன் கடையில் நின்றாள். எங்கே போனாலும் கை முந்திக்கொள்ளும், வேலை தீர்ந்துவிடும், மேற்பார்வையாளர் வந்து, "சும்மா நிக்கிறியா?" என்பார். இது என்ன நியாயம் என்று கேட்டுவிட்டு வந்துவிடுவாள். கேட்காமல் வரத் தெரியாது அவளுக்கு. கடைசியில் இந்தச் சலூன் மாடியைப் பெருக்க வந்தவள், பெருக்கிக்கொண்டே பார்த்துப் பார்த்து, புருவத்தில் நூலோட்டவும் முடியைத் திருத்தவும் கற்றுக்கொண்டாள். இடது கையில் கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு அவள் வேலை செய்வதைப் பார்க்கவே சில பெண்கள் சீக்கிரம் வந்து உட்காருவார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தவள் ஒரு நாள் வெந்நீர்த் துண்டு எடுக்கக் கீழே இறங்கினாள். ஆண்கள் பக்கத்தில், மீசை என்று பட்டப்பெயர் வாங்கிய இரண்டாவது நாற்காலிக்காரர், ஒருவருடைய கழுத்தில் கத்தியை இறக்கிக்கொண்டிருந்தார். நுரைக்கு அடியில் சர்... சர்... என்று ஒரு சத்தம். கத்தி போன வழியெல்லாம் தோல் புதுசாகத் தெரிந்தது. பம்பரம் துண்டை மறந்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். மாடியிலிருந்து, "துண்டு எங்கே?" என்று கத்தும்வரை நின்றாள். அன்றைக்கு அங்கே போய் ஒட்டிக்கொண்ட மனசு அப்புறம் திரும்பி வரவே இல்லை. சாயங்கால வகுப்பில் சேர்ந்து, பலூன்மேல் சோப்பு தடவி, வகுப்பில் கொடுத்த, திறந்து மூட எதுவும் இல்லாத பிளாஸ்டிக் கத்தியால் வழித்துப் பழகினாள். வீட்டில் புருஷனுக்குச் சாதாரண ரேசரால் அவளே முகம் வழித்துவிட்டாள். எந்தக் கன்னத்தில் முடி எந்தப் பக்கம் படுத்திருக்கும் என்பதெல்லாம் அத்துப்படி ஆகிவிட்டது. நாற்காலி மட்டும்தான் இல்லை.

அதுவும் காலியானது. மூன்றாவது நாற்காலியில் நின்றவர் மகளோடு போய் இருக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, தன் கத்தியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் வாசலைத் தாண்டியதுதான் தாமதம், பம்பரம் மாடிப்படியில் இருந்தாள்.

"மாஸ்டர், அந்த நாற்காலியை எனக்குக் குடுங்க."

கடை முதலாளியை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் ஓயாத மனிதர். பேசிக்கொண்டே சவரம் செய்வார், பேசிக்கொண்டே கணக்குப் பார்ப்பார், யாரும் இல்லாவிட்டால் மின்விசிறியோடு பேசுவார். அவரே ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"உன் வேகத்துக்கு வர்றவன் காது அவன்கிட்டயே இருக்குமா?"

"இருக்கும் மாஸ்டர். மேல புருவத்துல நூல் ஓட்டுறேனே, யாராவது கண்ணு போச்சுன்னு வந்தாங்களா?"

மீசை சிரித்துவிட்டார். மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. "தெரிஞ்சவர் ஒருத்தர் திங்கக்கிழமை ஆள் அனுப்பறேன்னு சொல்லியிருக்கார். நான் சரின்னும் சொல்லிட்டேன்."

"அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை வருதே மாஸ்டர்."

மாஸ்டர் சீப்பைத் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். "சரி. ஞாயித்துக்கிழமை கடை திறந்ததும் எனக்கு ஷேவ் பண்ணு. எல்லாரும் பாக்க. எனக்குத் திருப்தியா இருந்தா நாற்காலி உனக்கு. இல்லைன்னா மாடிக்குப் போயிடணும். மறுபடி இந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. சம்மதமா?"

"சம்மதம்."

"கத்தி வச்சிருக்கியா?"

"வாங்கிடுவேன்."

"அது உன் பாடு. எதை வாங்குறதுன்னு என்னைக் கேக்காதே, மீசையையும் கேக்காதே."

பம்பரத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. மாடிக்குப் போனவள் அன்றைக்குச் சாயங்காலம்வரை யார் தலையைக் கழுவினாள், யாருக்கு என்ன செய்தாள் என்பது அவளுக்கே நினைவில்லை. ஒரே ஒரு அம்மாள் மட்டும், "இன்னைக்கு என்ன, தலைக்கு ரெண்டு தடவை ஷாம்பு போடறே?" என்று கேட்டாள்.

வீட்டில் செய்தியைச் சொன்னதும் ஆளாளுக்கு நிபுணர் ஆகிவிட்டார்கள். புருஷன் வெல்டர். எதைக் கையில் எடுத்தாலும் முதலில் எடை பார்ப்பவன், அடுத்து இணைப்பு பார்ப்பவன். "கனமா இருக்கணும். கனம் இருந்தா அதுவா இறங்கும், நாம அமுக்க வேண்டாம். மடக்குற இடத்துல ரிவெட் ஆடக் கூடாது. ஆடிச்சுன்னா அது கத்தி இல்லை, கிலுகிலுப்பை" என்றான். நாத்தனார் பக்கத்துத் தெருவில் இருந்து ஓடி வந்துவிட்டாள். அவள் ஆஸ்பத்திரியில் கருவிகளைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யும் பிரிவில் இருப்பவள். சுத்தம் என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். "அண்ணி, மரப்பிடி மட்டும் வாங்கிடாதீங்க. சோப்புத் தண்ணி உள்ள போச்சுன்னா அவ்ளோதான். ஆளுக்கு ஒரு பிளேடு, முடிஞ்சதும் தூக்கிப் போடணும். பிளேடு மாத்துற கத்திதான். தீட்டித் தீட்டி ஒரே கத்தியை எல்லாருக்கும் போடுறதெல்லாம் நினைச்சுக்கூடப் பாக்காதீங்க."

"அதெல்லாம் எங்க கடையில எப்பவோ போயிடுச்சு. எல்லாரும் பிளேடு மாத்துறதுதான்."

"அப்போ நானும் கடைக்கு வர்றேன்."

"நானும்" என்றான் வெல்டர். பெண் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி மூன்று பேரும் குளித்து உடுத்திக்கொண்டு கிளம்பினார்கள்.

சலூன் சாமான் விற்கும் கடை ஒரு குறுகலான சந்தில் இருந்தது. உள்ளே நுழைந்தால் பவுடர் வாசனை, புதுத் துணி வாசனை, இயந்திர எண்ணெய் வாசனை எல்லாம் ஒன்றாக வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கடைக்காரம்மாள் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள்.

"யாருக்கு?"

"எனக்குத்தான் அக்கா. முதல் கத்தி."

அந்த 'முதல் கத்தி' என்ற சொல்லை அவள் சொன்ன தோரணையில் கடைக்காரம்மாளுக்கே ஒரு உற்சாகம் வந்துவிட்டது. நீல நிறத் துணி ஒன்றை விரித்தாள். ஒவ்வொன்றாக எடுத்து வைக்க ஆரம்பித்தாள். முழுக்க எஃகினால் ஆன கனமான கத்தி ஒன்று, மினுமினுக்கும் மரப்பிடி போட்டது ஒன்று, கறுப்புப் பிடியில் தலைப்பக்கம் சின்ன மூடி வைத்தது ஒன்று. கடைசியாக, பெட்டியின் ஓரத்திலிருந்து, கம்பியை மடக்கி வைத்தது போல ஒன்று. அதைப் பார்த்ததுமே நாத்தனார் உதட்டைப் பிதுக்கினாள்.

"இதெல்லாத்துக்கும் ஒரே பிளேடுதான்" என்றாள் கடைக்காரம்மாள். "ரெண்டு பக்கமும் கூர் இருக்கிற சாதாரண பிளேடு. காகிதத்தோட நடுவுல ஒடிச்சா ரெண்டு ஆயிடும். பாதியை உள்ள வைக்கணும். எப்படி வைக்கிறோம்ங்கிறதுலதான் வித்தியாசம்." கறுப்புக் கத்தியின் மூடியைத் திறந்தாள், பாதி பிளேடை வைத்தாள், மூடினாள். டக்.

அந்தச் சத்தம்தான் பம்பரத்தைக் கவிழ்த்தது. அவள் கையை நீட்டி வாங்கினாள். டக். திறந்தாள், மூடினாள். டக், டக். காற்றில் ஒரு கன்னத்தை நினைத்துக்கொண்டு இழுத்துப் பார்த்தாள். பிறகு வெல்டரிடம் கொடுத்தாள். அவன் ரிவெட்டை ஆட்டிப் பார்த்தான், விரல் நுனியில் நிறுத்தி எடை பார்த்தான், "இதுதான்" என்றான். நாத்தனார் மூடியைத் திறந்து உள்ளே அழுக்குத் தங்க இடம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "துடைக்கச் சுலபம்" என்றாள். கடைக்காரம்மாள்கூடத் தலையாட்டினாள். நான்கு பேரும் ஒரே மனதாக ஒரு பொருளைப் பாராட்டுவது அந்தக் கடையில் தினமும் நடக்கிற விஷயம் அல்ல. அப்படி நடக்கும்போதுதான் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். யார் சந்தேகப்பட்டார்கள்? வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அன்றைக்கே வெல்டர் நாற்காலியைக் குளியலறை வாசலில் போட்டு, கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தைரியசாலிதான். தீப்பொறி பறக்கும் இடத்தில் நிற்பவன். ஆனாலும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

"ஏங்க, இன்னும் நான் நுரையே போடலை."

"நீ போடு. நான் இப்பவே பழகிக்கறேன்."

பிரஷால் சுழற்றிச் சுழற்றி நுரை போட்டாள். பிளேடை ஒடித்தாள். உள்ளே வைத்து மூடினாள். டக். இடது கையில் எடுத்து, வலது கை விரலால் கிருதாவுக்குக் கீழே தோலை இழுத்துப் பிடித்து, கத்தியை இறக்கினாள். சர்... அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதே சத்தம். தன் கையிலிருந்து. இரண்டாவது இழுப்பு. மூன்றாவது இழுப்பில் டக் என்று மூடி திறந்துகொண்டது. பாதி பிளேடு வழுக்கி, நுரையோடு சேர்ந்து துண்டின்மேல் விழுந்தது.

"என்ன சத்தம்?" என்றான் வெல்டர், கண்ணைத் திறக்காமல்.

"ஒண்ணுமில்லை. அசையாதீங்க."

"ஒண்ணுமில்லைன்னு நீ சொல்ற குரல் எனக்குத் தெரியும்."

மறுபடி வைத்து மூடினாள். மறுபடி இரண்டு இழுப்பு, மறுபடி டக். இந்தத் தடவை காது மடலில் ஒரு பொட்டு ரத்தம். படிகாரக் கல்லை வைத்து அமுக்கிக்கொண்டு கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூடியைத் திறக்க ஒரு சின்னக் குமிழ் இருந்தது. அது கத்தியின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. வலது கையால் பிடித்தால் கட்டைவிரல் அடுத்த பக்கத்தில் பத்திரமாக உட்காரும். இடது கையால் பிடித்தால் கட்டைவிரல் நேராகக் குமிழ்மேல் போய் உட்காரும். ஒவ்வொரு இழுப்புக்கும் அவள் தன் கையாலேயே மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டிருந்தாள்.

சரி, கடையில் அத்தனை தடவை டக் டக் என்று திறந்து மூடினாளே, அப்போது தெரியவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். வெல்டரும் அதைத்தான் கேட்டான்.

பம்பரம் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "வலது கையிலதாங்க வாங்கினேன்!"

சின்ன வயசிலிருந்து அவள் அம்மா ஒன்றே ஒன்றுக்குத்தான் அவளை அடித்திருக்கிறாள். இடது கையால் எழுது, இடது கையால் பெருக்கு, பரவாயில்லை. ஆனால் ஒருவர் ஒரு பொருளைக் கொடுத்தால் இடது கையை நீட்டாதே. அந்த அடி நன்றாக வேலை செய்திருந்தது. யார் எதை நீட்டினாலும் அவளுடைய வலது கைதான் போகும். அதிலும் ஆசை ஆசையாக வாங்கும் முதல் கத்தி. மரியாதையாக வலது கையால் வாங்கினாள், மரியாதையாக வலது கையிலேயே வைத்துக்கொண்டு திறந்தாள், மூடினாள், காற்றை வழித்தாள், வலது கையாலேயே வெல்டரிடம் கொடுத்தாள். வெல்டர், நாத்தனார், கடைக்காரம்மாள் மூன்று பேரும் வலது கைக்காரர்கள். வேலை செய்யப் போகிற கையைத் தவிர மற்ற எல்லாக் கைகளும் அந்தக் கத்தியைப் பரிசோதித்துவிட்டன.

வெல்டருக்கு ஒரு கன்னம் வழித்து ஒரு கன்னம் நுரையோடு இருந்தது. அப்படியே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரின் கழுத்தில் இது திறந்திருந்தால்? நாற்காலி மட்டுமா போகும்? மாடியில்கூட யாரும் அவளை நம்பித் தலையைக் கொடுக்க மாட்டார்கள்.

"வலது கையால பண்ணிடேன்" என்றான் வெல்டர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"நீங்க இடது கையால வெல்டிங் வைங்க, பாக்கலாம்."

அவன் மிச்ச நுரையைத் தானே துடைத்துக்கொண்டான்.

மறுநாள் வேலைக்கு நடுவில் அனுமதி கேட்டுக்கொண்டு அவள் தனியாகவே அந்தக் கடைக்கு ஓடினாள். கடைக்காரம்மாள் அவளைப் பார்த்ததும், "முகத்துல பட்டதைத் திருப்பி எடுக்க மாட்டேம்மா" என்றாள். பார்த்ததுமே புரிந்துகொள்ளும் ரகம்.

"திருப்பிக் குடுக்க வரலை அக்கா. எனக்கு ஒரு கிண்ணம் தண்ணியும் கொஞ்சம் சோப்பும் குடுங்க."

"எதுக்கு?"

"நான் வேலை பாக்குறப்போ என் கை காய்ஞ்சா இருக்கும்? நேத்து எல்லாத்தையும் காய்ஞ்ச கையால பாத்தேன். அதுவும் வேற கையால."

கடைக்காரம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். அவள் எழுவதே அபூர்வம். உள்ளே போய் டீ குடிக்கும் கிண்ணத்தில் தண்ணீரும் ஒரு சோப்புத் துண்டும் கொண்டு வந்தாள். பம்பரம் இடது கையை நனைத்து, சோப்பைக் குழைத்து, விரல் இடுக்கு எல்லாம் தடவிக்கொண்டாள். கடைக்காரம்மாள் பழக்கம் போலக் கத்தியை நீட்டினாள். பம்பரத்தின் வலது கை தானாகக் கிளம்பியது. அதை அவள் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க அக்கா" என்று சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒருவர் கொடுத்த பொருளை இடது கையால் வாங்கினாள்.

முழு எஃகுக் கத்தி சோப்பில் மீன் மாதிரி நழுவியது. ஒரு தடவை கண்ணாடிப் பெட்டியின்மேல் விழுந்து இருவர் உயிரையும் எடுத்தது. மரப்பிடி நழுவவில்லை, ஆனால் அதிலும் மூடி, அதிலும் குமிழ். கடைக்காரம்மாளுக்கு இப்போது சூடு பிடித்துவிட்டது. இழுப்பறைகளை இழுத்தாள், மேல் அலமாரியில் இருந்து பெட்டிகளை இறக்கினாள், வேறு வாடிக்கையாளர் வந்து ஏதோ கேட்டதற்கு, "கொஞ்சம் இருங்க, இங்க முக்கியமான வேலை நடக்குது" என்றாள். வந்தவரும் போகாமல் நின்று வேடிக்கை பார்த்தார்.

கடைசியில் மிஞ்சியது அந்தக் கம்பி போன்ற கத்திதான். ஓரமாகக் கிடந்தது. பம்பரம் அதை எடுத்தாள். மூடி இல்லை, குமிழ் இல்லை. தலையின் நுனியிலிருந்து ஒரு மெல்லிய தகடு சறுக்கி வெளியே வந்தது. அதில் பாதி பிளேடை வைத்து மறுபடி உள்ளே தள்ளினால் முடிந்தது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி. கத்தியின் கழுத்தில், கட்டைவிரலும் மூன்று விரல்களும் படும் இடத்தில் குறுக்கே கோடு கோடாக வரி போட்டிருந்தார்கள். அழகுக்குப் போட்டது என்று நேற்று நினைத்திருந்தாள். அழகாக இல்லையே என்றும் நினைத்திருந்தாள். சோப்பு வழியும் கையில் எடுத்ததும் அந்த வரிகள் விரலைப் பிடித்துக்கொண்டன. குலுக்கினாள். நகரவில்லை. தலைகீழாகப் பிடித்தாள், மோவாய்க்கு அடியில் போகிற மாதிரி சாய்த்தாள், விரல் மாற்றினாள். எங்கேயும் எதுவும் தடுக்கவில்லை. இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று கேட்கத் தோன்றியது அவளுக்கு.

"அக்கா!" என்று கத்தினாள். வேடிக்கை பார்த்தவர் ஓர் அடி பின்வாங்கினார், கையில் கத்தியோடு ஒருத்தி கத்தினால் யார்தான் பின்வாங்க மாட்டார்கள்?

"இதுவா?" என்றாள் கடைக்காரம்மாள். "இதை யாருமே கேக்க மாட்டாங்களேம்மா. பாக்க லட்சணமா இல்லைன்னு."

"எனக்கு லட்சணம் ஷேவ் பண்ணிக்கிறவங்க கன்னத்துல இருந்தா போதும்."

முதலில் வாங்கிய கறுப்புக் கத்தியை வெல்டர் பட்டறைக்கு எடுத்துப் போனான். ரப்பர் தகடு வெட்ட அருமையாக இருக்கிறது என்று வந்து சொன்னான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வரை அந்த வீட்டில் யாருக்கும் முகத்தில் முடி மிச்சம் இருக்கவில்லை. வெல்டர், நாத்தனாரின் கணவர், மேல்வீட்டில் குடியிருந்த தபால்காரர், அவருடைய மைத்துனர் எல்லோரும் ஒரு சுற்று வந்தார்கள். பம்பரத்துக்கு ஓர் ஆச்சரியம். எந்த வேலையிலும் முந்திக்கொள்ளும் அவளுடைய கை, இந்தக் கத்தியைப் பிடித்ததும் தானாக நிதானத்துக்கு வந்தது. யாரும் சொல்லவில்லை, அவளும் முயற்சி செய்யவில்லை. அடுத்த இழுப்புக்கு ஓட வேண்டும் என்றே தோன்றவில்லை, இந்த இழுப்பிலேயே இருக்கலாம் போலிருந்தது. அப்படி ஒரு சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடை திறப்பதற்குள் பெஞ்சு நிறைந்திருந்தது. மீசை வேண்டுமென்றே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். மாடியில் வேலை பார்க்கும் பெண்கள் படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெல்டர் வாசலுக்கு வெளியே நின்று, கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே வா என்றால் வரவில்லை. மாஸ்டர் இரண்டு நாளாக வழிக்காத முகத்தோடு மூன்றாவது நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அந்த நாற்காலிக்கு வலது பக்கம் கை கழுவும் தொட்டி நெருக்கமாக இருக்கும். அங்கே நின்றவர்கள் எல்லோரும் இடமே இல்லை என்று புலம்புவார்கள். பம்பரம் இடது பக்கம் போய் நின்றாள். விசாலமாக இருந்தது.

வெந்நீர்த் துண்டைப் போட்டாள். மாஸ்டர் துண்டுக்கு அடியிலிருந்தே பேச ஆரம்பித்தார்.

"சூடு போதாது. இன்னும் கொஞ்சம் சூடு வேணும். ம்... சரி, இது சரி. நுரை எடு. தண்ணி அதிகம் விடாதே. பிரஷை அழுத்தாதே, என் மூஞ்சி என்ன சுவரா? எங்கே கத்தி? காட்டு. இதுவா! மீசை, இதைப் பாரு, குடைக்கம்பி மாதிரி ஒண்ணு வாங்கியிருக்கா."

பெஞ்சில் சிரித்தார்கள். பம்பரம் புது பிளேடை எல்லோருக்கும் தெரியும்படி ஒடித்து, தகட்டில் வைத்து உள்ளே தள்ளினாள். இடது கையில் எடுத்தாள். மாஸ்டர் கண்களை அகல விரித்துக் கண்ணாடியில் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படுக்க வச்சுப் பிடி. ரொம்ப நிமித்தினா கிழிக்கும். ஆ... அப்படி. தோலை இழு. கீழேருந்து இல்லை, மேலேருந்து இழு. ம். துடை. ஒவ்வொரு இழுப்புக்கும் துடை. அந்த மச்சத்துக்கிட்ட பாத்து. மச்சத்தைத் தாண்டிப் போ. மீசை, இவ போறாளா? போயிட்டாளா? சரி..."

சர்... சர்... மச்சத்தைச் சுற்றி வந்தது கத்தி. மேலுதடு. அங்கே பேச முடியாது என்பதால் மாஸ்டர் கொஞ்சம் நிறுத்தினார். உதடு முடிந்ததும் மறுபடி ஆரம்பிப்பார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் ஆரம்பிக்கவில்லை. அவள் தலையை மெதுவாகச் சாய்த்து மோவாய்க்கு வந்தாள். அப்போதும் பேச்சு இல்லை. தொண்டைக்குழிக்கு வந்தாள். ஒரு வார்த்தை இல்லை.

இதுதான் பம்பரத்துக்குத் தாங்க முடியவில்லை. அவர் திட்டினால் திருத்திக்கொள்ளலாம். பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம்? வலிக்கிறதா? கோபமா? முடிவு செய்துவிட்டாரா? அந்தக் கடையில் மாஸ்டர் இவ்வளவு நேரம் வாயை மூடி யாருமே பார்த்ததில்லை. படியில் இருந்த பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பம்பரம் இரண்டாவது தடவை நுரை போட்டு, எதிர்ப்பக்கமாக லேசாக ஓர் ஓட்டம் ஓட்டி, துடைத்து, ஈரத் துண்டால் ஒற்றினாள். நாற்காலி போனாலும் போகட்டும், இந்த வேலை நன்றாக வந்திருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது.

"மாஸ்டர், முடிஞ்சிருச்சு."

அவள் குனிந்து பார்த்தாள்.

மாஸ்டர் வாயைக் கொஞ்சம் திறந்தார். கொர்ர்ர் என்று ஒரு சத்தம் வந்தது.

மீசை தன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பெஞ்சு முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டது. வெளியே வெல்டர் என்ன என்று சைகையில் கேட்டான். மீசை கண்ணைத் துடைத்துக்கொண்டு பம்பரத்தின் காதருகே வந்தார்.

"இந்த மனுஷன் முகத்தை அவரேதான் தினமும் நின்னுக்கிட்டு வழிச்சுக்குவார். நான் பண்றேன்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். என்கிட்டகூட உக்காந்ததில்லை. ஊருக்கே ஷேவ் பண்றவருக்கு ஒருத்தர் ஷேவ் பண்ணி நான் இப்பதான் பாக்குறேன்."

பம்பரத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவள் மாஸ்டரின் முகத்தைப் பார்த்தாள். நாள் முழுக்க மற்றவர்களின் கன்னத்தை மட்டுமே பார்க்கும் மனிதர். கண்ணுக்குக் கீழே களைப்பு கறுத்திருந்தது. பேசாதபோது வேறு ஆளாக இருந்தார், கொஞ்சம் வயசானவராக, கொஞ்சம் சாதுவாக.

பெஞ்சிலிருந்த ஒருவர் தும்மினார். மாஸ்டர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

"கண்ணை மூடி யோசிச்சிக்கிட்டிருந்தேன்" என்றார்.

"ஆமா மாஸ்டர், யோசனை வாசல் வரைக்கும் கேட்டுச்சு" என்றார் மீசை.

மாஸ்டர் அதைக் காதில் வாங்கவில்லை. புறங்கையால் கன்னத்தைத் தடவினார். மோவாயைத் தடவினார். மச்சத்தைச் சுற்றி விரலை ஓட்டினார். கழுத்தை நிமிர்த்தி, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் எல்லாம் தடவி, குறை சொல்ல ஒரு முடியாவது கிடைக்காதா என்று தேடினார். அவர் விரல் நின்ற இடமெல்லாம் பம்பரத்தின் மூச்சும் நின்றது. கடைசியில் கையைத் துண்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

பெஞ்சின் முன்வரிசையில் இருந்தவர் எழுந்தார். "நான்தான் மாஸ்டர் முதல்ல வந்தேன். எனக்கும் ஷேவிங்தான். இந்தம்மாகிட்டயே பண்ணிக்கறேன். நீங்க எந்திரிச்சா உக்காந்துடுவேன்."

மாஸ்டர் எழுந்திருக்கவில்லை. ஜன்னலுக்குப் பக்கத்தில் அவருடைய முதல் நாற்காலி காலியாகக் கிடந்தது. அதை அவர் இல்லாத நாளில்கூட யாரும் தொட மாட்டார்கள்.

"திங்கக்கிழமை வர்றவன்கிட்ட வேண்டாம்னு சொல்லிடு மீசை" என்றார். பிறகு பம்பரத்தைப் பார்த்தார். "இந்த நாற்காலி உன்னோடதுதான். ஆனா இப்போ என்னை எழுப்பாதே. சாரை என் நாற்காலியில உக்கார வச்சுப் பண்ணிக்கோ."

சொல்லிவிட்டு, துண்டைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு மறுபடி கண்ணை மூடினார்.